தரையில் பரப்பிய சாமான்

இந்த ஊரில் செருப்பைக் காலில் மாட்டினாலே எவனாவது ஒருவன் 'எங்கே கிளம்பிவிட்டாய்?' என்று கேட்டுவிடுகிறான். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். நான் காலையில் காரை எடுக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தாமலே கேட்பார், எங்கே என்று. நான் தினமும் ஒரே தொழிற்சாலைக்குத்தான் போகிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் கேட்பார். வந்த புதிதில், அவர் கேட்டதும் இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் போவேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்புவேன். இப்படியே நாலைந்து தடவை வேலைக்குத் தாமதமாகப் போனேன். மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டார், அதனால்தான் என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, அந்த ஆள் தொந்தரவு செய்கிறானா, போலீஸில் சொல்லலாமா என்று கேட்டார்.

இது நியூசிலாந்தின் தெற்குத் தீவு. கடல் மலைகளுக்கு நடுவே விரல் விரலாக உள்ளே நுழைந்து கிடக்கும் ஒரு மூலை. சிப்பியை வேகவைத்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா இறந்த பிறகு திருவண்ணாமலை டவுனை ஒட்டி வேங்கிக்காலில் ஒரு சின்ன வீடு கட்டினோம். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே கிளம்புகிறவனைப் பார்த்து 'எங்கே' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவன் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். தெரிந்தே தீர வேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேட்பார்கள். 'இதோ, பக்கம்தான்' என்று பதில் வரும். போளூர் போகிறவனும் பக்கம்தான் என்பான், துபாய் போகிறவனும் பக்கம்தான் என்பான். கேட்டவரும் அதற்கு மேல் தோண்ட மாட்டார். இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவன் நான். இப்போது இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

என் தம்பி தினேஷ் 'பக்கம்தான்' என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு வியாழக்கிழமை காலை, தோளில் ஒரு பையோடு வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தூரமாடா?" என்று கேட்டாள். "இல்லமா, பக்கம்தான்" என்றான். கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். ஏழு வருடம் ஆகிறது. இன்னும் வரவில்லை.

இதை எல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் நான் கடலில் கயாக் ஓட்டப் போனதுதான். கயாக் என்பது இரண்டு பக்கமும் கூராக இருக்கும் ஒல்லிப் படகு. நடுவில் ஒரு ஓட்டை. அதில் இடுப்பு வரை நுழைந்து உட்கார்ந்துகொண்டு துடுப்புப் போட வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் சாமான் வைக்க மூடியோடு இரண்டு பொந்துகள். கரையோரமாகவே போய், ஏதாவது ஒரு குடாவில் இறங்கி, கூடாரம் போட்டுப் படுத்து, மறுநாள் மறுபடி துடுப்பு. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் கிரெய்க் ஒவ்வொரு டிசம்பர் கோடை விடுமுறைக்கும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போவான். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவான். நான் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பேன். இந்த முறை சரி என்றேன். கடல் மேல் ஆசை வந்து அல்ல. அங்கே போன் எடுக்காது என்று அவன் சொன்னதால்.

ஏனென்றால் ஊரிலிருந்து மாமா விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. தினேஷைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அவர் பெண்ணுக்கு இடம் பார்க்கிறார், ஒன்றும் அமைய மாட்டேன் என்கிறது. ஜோசியர் ஒருவர், குடும்பத்தில் போன ஆளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"இன்னா மருமவனே, யோசிச்சியா?"

"என்ன யோசிக்கணும் மாமா?"

"தெரியாத மாரி கேக்காத. ஏழு வருஷம் ஆனா சட்டமே ஆளு இல்லன்னுதான்பா சொல்லுது. தை மாசம் லீவு போட்டுட்டு வா. தர்ப்பையில ஒரு உருவம் செஞ்சி, அவன் சட்ட, சாமான் எதுனா கீறத அதுமேல வெச்சி எரிச்சிடலாம். பதினாறு கும்பிட்டா முடிஞ்சிது. நீதான் பெரியவன், நீதான் கொள்ளி வெக்கணும்."

"அம்மா இன்னா சொல்றா?"

"அவளக் கேட்டா வெளக்கமாத்த எடுக்கறா. நீ சொன்னா கேப்பா. அவ எத்தினி நாளைக்கு இப்பிடி ரோட்டுல அலைவா, சொல்லு? ஊரே சிரிக்குது."

அம்மாவிடம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். எனக்கே களைத்துப் போயிருந்தது. ஒரு முடிவு வந்தால் போதும் என்ற இடத்துக்கு நானும் வந்திருந்தேன். விடுமுறை தொடங்குவதற்குள் அம்மாவிடம் கேட்டுவிடுவது, அவள் கத்தினால் கடலுக்குப் போய்விடுவது. அதுதான் என் திட்டம். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கிரெய்க் என் வீட்டுக்கு வந்தான், சாமான் கட்டியதைப் பார்க்க. நான் எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் அமுக்கித் தயாராக வைத்திருந்தேன். ஜிப் மூடாமல் போனதால் கயிறு வேறு போட்டுக் கட்டியிருந்தேன். கோயம்பேட்டில் ராத்திரி பஸ் பிடிக்கிறவன் எப்படிக் கட்டுவானோ அப்படி. கிரெய்க் பையைச் சுற்றி வந்து பார்த்தான். "அருமையாக இருக்கிறது, இதை ஏற்ற இன்னொரு படகு எங்கே?" என்றான். கயாக்கின் பொந்துக்கு வாய் சின்னது, ஒரு குடத்தின் வாயைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய பை எதுவும் உள்ளே நுழையாது. எல்லாவற்றையும் சின்னச் சின்ன ட்ரை பேக்கில் பிரித்து வைக்க வேண்டும். தண்ணீர் புகாத ரப்பர் துணிப் பை அது. காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுருட்டுச் சுருட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். கனமானது படகின் நடுவில், உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். லேசானது முனைகளில். படுக்கும் பையைத் தனியாக, மாற்றுத் துணியைத் தனியாக, கூடாரத்தின் கம்பியைத் தனியாக, துணியைத் தனியாக. முதலில் தேவைப்படுவது கடைசியில் உள்ளே போக வேண்டும். என் மனைவி கலா, "கல்யாணத்துக்கு சீர் வரிசை கூட இவ்ளோ ஜாஸ்தி இருக்காது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு மத்தியான ஷிப்ட்.

இடுப்பைச் சுற்றி மாட்டிக்கொள்ள ஒரு பாவாடை வேறு இருக்கிறது. அதன் விளிம்பைப் படகின் ஓட்டையைச் சுற்றி இழுத்து மாட்டினால் தண்ணீர் உள்ளே வராது. ஆம்பிளைகள் எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு கூச்சமில்லாமல் நடக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

பிறகு கிரெய்க் சொன்னான்: "எல்லாவற்றையும் தரையில் பரப்பு. ஒரு படம் எடு. கரையில் உனக்காக இருக்கும் ஆளுக்கு அனுப்பு."

எதற்கு என்று கேட்டேன்.

இங்கே அது வழக்கம். கடலுக்கோ காட்டுக்கோ போகிறவன் கரையில் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே போகிறேன், எந்த வழியாக, எங்கே படுப்பேன், எந்த நாள் எந்த நேரம் திரும்புவேன். எல்லாம் சொல்ல வேண்டும். சாமானின் படத்தையும் கொடுக்க வேண்டும். படகு சிவப்பு, கூடாரம் பச்சை, மிதவைச் சட்டை மஞ்சள் என்று தெரிந்தால்தானே ஹெலிகாப்டரில் தேடுகிறவனுக்கு எதைத் தேடுவது என்று தெரியும். சொன்ன நேரத்துக்கு நீ வராவிட்டால் அந்த ஆள் உடனே போன் செய்ய வேண்டும். "நீ வராமல் போனால் யார் முதலில் கவனிப்பார்கள்?" என்று கிரெய்க் கேட்டான். நல்லபடியாகக் கிளம்பும் நேரத்தில் ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா இது? நான் முறைத்தேன். என் ஆங்கிலத்துக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் நிதானமாக, இன்னும் சத்தமாக, "நீ. வராமல். போனால்." என்று திரும்பச் சொன்னான். கலாவின் நம்பரைக் கொடுத்தேன்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும், போன் பண்றதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம். அதற்கு மேல் காத்திருப்பது முட்டாள்தனம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் எனக்குக் கடல் பயம் என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிக் காட்டினான். இதை ஊதினால் போதும், நான் வந்துவிடுவேன் என்றான். நல்லவன். அவன் போன பிறகு நான் வெகு நேரம் அந்தச் சாமானுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தினேஷ் காணாமல் போய் ஒரு வாரத்தில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அம்மாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். ஏற்கெனவே போயிருந்தாள், நான் வந்ததும் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க போறேன்னு சொன்னான்?"

"சொல்லல சார்."

"நீ கேக்கல?"

"கெளம்பறப்ப கேக்கக் கூடாதுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நீ வூட்டுல குந்திக்கினு கேக்க மாட்ட. நாங்க ஊர் ஊரா போய்க் கேக்கணும். நல்லாக்குதும்மா உங்க நாயம்." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதைவிடக் கொடுமை, அந்த ஆள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது.

"சரி, இன்னா எடுத்துட்டுப் போனான்? அதுனா தெரியுமா?"

அது தெரிந்தது. ஏனென்றால் அதற்குள் அம்மா வீடு முழுக்கக் கலைத்து, எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து முடித்திருந்தாள். இரண்டு சட்டை இல்லை. சார்ஜர் இல்லை. கட்டம் போட்ட லுங்கி இல்லை. துண்டு இருந்தது. பல் துலக்கும் பிரஷ் இருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் எவர்சில்வர் தம்ளரில், நீலக் கைப்பிடி போட்ட பிரஷ்.

மாமா சொன்னார்: லுங்கியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், ராத்திரி எங்கேயோ தங்கும் நினைப்போடுதான் போயிருக்கிறான், திட்டம் போட்டுப் போனவன். அம்மா சொன்னாள்: பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போயிருக்கிறான், ராத்திரியே வருகிற நினைப்புதான், ஏதோ நடந்துவிட்டது. பிரஷ் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பார் மாமா. அப்படியானால் லுங்கியையும் வாங்கிக்கொள்ளலாமே என்பாள் அம்மா. காதல் இல்லை, கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. டவுனில் செல்போன் கடையில் வேலை பார்த்தான், முதலாளிக்கு அவனைப் பிடிக்கும். அன்று சாயங்காலத்திலிருந்து போன் அணைந்துவிட்டது. ஏழு வருடமாக எங்கள் குடும்பம் ஒரு லுங்கிக்கும் ஒரு பிரஷ்ஷுக்கும் நடுவில் நிற்கிறது.

உறவுக்காரர்கள் வேறொன்று கண்டுபிடித்தார்கள். "சாமியாரா போயிருப்பான், இந்த ஊரு மண்ணு அப்பிடி" என்று. எவ்வளவு சுலபம் பாருங்கள். எங்கிருந்தோ வந்து கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்திருக்கிறவர்களும் யாரோ ஒருத்தியின் பிள்ளைகள்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு பிரஷ் இருக்கும். இதை எவனும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றப் போகிறாள்.

சுற்றுகிறாள் என்று சொன்னேனே, அவள் சுற்றும் விதம்தான் மாமாவுக்கு அவமானம். மலையை எல்லாரும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். லட்சம் பேர் ஒரே திசையில் போகிறார்கள். நானும் ஒருமுறை அவளோடு போனேன். ராஜகோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றிக் கும்பிட்டாள். எழுந்து, எல்லாரும் போகும் திசைக்கு எதிராக நடக்க ஆரம்பித்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கமா இந்தப் பக்கம்?"

"வுடுடா. அவங்களோட நடந்தா முதுகுதான் தெரியும். எதிர்ல போனாத்தான் மூஞ்சி தெரியும்."

முழுச் சுற்றும் எதிராகவே நடந்தோம். வருகிறவர்கள் எல்லாம் இடித்தார்கள், திட்டினார்கள். "ஏம்மா, கண்ணு தெரியல? சாமிக்கு எதிரா வர்றியே, புத்தி கெட்டுப் போச்சா?" என்று ஒரு பெண் கத்தினாள். அம்மா நிற்கவில்லை. "மூஞ்சி பாக்கணும்மா, கோச்சிக்காத" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த காவிக்காரர்களின் முன்னால் குனிந்து பார்த்தாள். தாடி வைத்திருந்தால் கண்ணைப் பார்த்தாள். ஒருவர் திருநீறு வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நெற்றியில் பூசிவிட்டார். அம்மா அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். மாமா மாதிரி ஆட்களுக்கு அது பைத்தியம். எனக்கு அது, அந்த ஊரில் யாரும் செய்யாத ஒரு உருப்படியான தேடல். ஹெலிகாப்டர் இல்லை, விசில் இல்லை, செய்ய ஒரு போன் நம்பர் இல்லை. அவளிடம் இருந்தது கால் மட்டும்தான்.

இதை எல்லாம் நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை சொல்லப் பார்த்தேன். கிரெய்க் வீட்டில் ஒரு ராத்திரி விருந்து, அவன் கூட்டத்தில் ஜோவான் என்று ஒரு பெண். எந்த ஊர் என்று கேட்டாள், திருவண்ணாமலை என்றேன். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவள் அங்கே போய் ஒரு மாதம் தங்கியிருக்கிறாளாம். "அங்கே போகிறவர்கள் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்" என்றாள். "நாங்கள் அங்கே ஒருவனைத் தொலைத்தோம், இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஆழமாகச் சொல்லிவிட்டீர்கள்" என்றாள். சூப்பைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சரி, தரையில் சாமான் பரப்பியிருந்தேன் என்றேன் அல்லவா. இரவு எட்டு மணியாகியும் அடங்காத கோடை வெயில் ஜன்னல் வழியாக வந்து அதன் மேல் விழுந்தது. படம் எடுத்து கலாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'எனக்கு அனுப்பினது சரி. அத்தைக்குச் சொல்லிட்டீங்களா?' சொல்லவில்லை. கடல் என்றால் அம்மா பயப்படுவாள். எங்கள் ஜில்லாவில் கடலே கிடையாது. தண்ணீர் என்றால் கிணறு, ஏரி, அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் மாமா சொன்ன விஷயத்தைக் கேட்க எப்படியும் போன் செய்தாக வேண்டும். அங்கே அப்போது நடுப்பகல், சாப்பிட்டு முடித்திருப்பாள். யோசிக்காமல் அந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பினேன். நான் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"இன்னாடா இது, சந்தைல கட போட்ட மாரி?"

"கடல்ல போறேம்மா. சின்ன போட்டு. ரெண்டு ராத்திரி அங்கியே தங்கிட்டு வருவோம்."

கத்துவாள் என்று பார்த்தேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது, மூச்சு மட்டும் கேட்டது.

"இந்த மஞ்ச சட்ட யாருது?"

"என்னுதுதான். தண்ணில வுழுந்தா மெதக்கறதுக்கு."

"துண்டு எங்க?"

"அந்த ஆரஞ்சு பைக்குள்ள கீதும்மா."

"மல்லாட்டை எடுத்துக்கினு போறியா? நான் குடுத்ததா?"

போன தடவை அவள் வறுத்துக் கொடுத்தனுப்பிய வேர்க்கடலை. நானே மறந்திருந்தேன், படத்தின் மூலையில் ஒரு பொட்டலமாக இருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

"பிரஷ்ஷ காணமேடா."

போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"சரவணா. பிரஷ்ஷு எங்கன்னு கேக்கறேன்."

"கீதும்மா. சின்ன பைக்குள்ள போட்டுட்டேன்."

"வெளிய எடு. எடுத்து வெச்சி இன்னொரு போட்டோ அனுப்பு. எனக்குத் தெரியணும்."

கட்டி வைத்த பையின் கொக்கியைக் கழற்றி, மூன்று சுருட்டையும் பிரித்து, பிரஷ்ஷை எடுத்தேன். கூடாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் தரையில் வைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன். அவள் பார்த்தாள்.

"ம்" என்றாள். பிறகு, "உன்னுது ஒண்ணு இங்கயும் கீது. போன தபா வந்தப்போ வுட்டுட்டுப் போன. அவன் பிரஷ்ஷு பக்கத்துலயே வெச்சிக்கீறேன், அதே தம்ளர்ல."

"தூக்கிப் போட வேண்டியதுதானேம்மா."

"ஏன்டா, நீ வர மாட்டியா?"

மாமா சொன்னதைக் கேட்கத்தான் நான் போனைக் கையில் எடுத்தேன். தர்ப்பையில் ஒரு உருவம், அதன் மேல் வைத்து எரிக்க அவன் சாமான். அவன் சாமான் என்று அந்த வீட்டில் வெளியே இருப்பது அந்த பிரஷ் ஒன்றுதான். மற்றதை எல்லாம் அவள் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். எதைக் கேட்பேன் நான்? எப்படிக் கேட்பேன்?

அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். என் வயதுக்கு நான் எத்தனையோ முறை வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு, காலேஜுக்கு, சென்னைக்கு, கடைசியாக விமானத்துக்கு. ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

"எங்கடா போற?"

சொன்னேன். எந்தக் குடாவில் படகை இறக்குவோம், எந்தக் கரையோரமாகப் போவோம், முதல் ராத்திரி எங்கே, இரண்டாவது ராத்திரி எங்கே. அந்தப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. விடாமல் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், தப்பும் தவறுமாகச் சொல்லிப் பழகினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த இடத்தைப் போனில் வரைபடத்தில் காட்டச் சொன்னாள். சுற்றிலும் நீலம்தான் தெரிந்திருக்கும்.

"எப்போ வருவ?"

"ஞாயித்துக்கெழம. உனக்கு அப்போ காலைல காப்பி குடிக்கற நேரம்."

"வந்ததும் போன் பண்ணு. வூட்டுக்கு வந்தப்புறம் இல்ல. கரையில கால் வெச்சதும்."

"சரிம்மா."

"வரலன்னா நான் யாருக்குடா போன் பண்ணணும்?"

கலாவுக்கு என்றேன், கலா இங்கே போலீஸுக்குச் சொல்வாள், ஹெலிகாப்டர் வரும் என்றேன். "அதெல்லாம் கீதா அங்க" என்றாள். அதில் பொறாமையும் இருந்தது, ஆறுதலும் இருந்தது, அழுகையும் இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

மாமாவுக்கு உடனே போன் போட்டேன். "காரியம் கெடயாது மாமா. தையிலயும் கெடயாது, சித்திரையிலயும் கெடயாது. அம்மா சொல்ற அன்னிக்கி நான் வரேன். அவ சொல்லாம எவனாவது தர்ப்பையத் தொட்டீங்கன்னா அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றேன். மாமா ரொம்ப வருத்தப்பட்டார். என் பொண்ணும் உனக்குச் சொந்தம்தானே என்று கேட்டார். சொந்தம்தான். அவள் கல்யாணம் நடக்கட்டும், நான் வந்து பந்தியில் பரிமாறுகிறேன். அதற்காக என் தம்பியை எரிக்க முடியாது. இதற்குப் பிறகு மாமா என்னோடு பேசுவதில்லை.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. குளிராக இருந்தது. கை வலித்தது. இரண்டு பக்கமும் காடு மூடிய மலைகள், அவற்றின் காலடியிலேயே நாங்கள் ஊர்ந்து போனோம். மலையை ஒட்டி, தோளில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு சுற்றிப் போவது எனக்குப் பழக்கமான காரியம்தான், ஆனால் இங்கே எதிரே ஆள் வருவதே அபூர்வம், பார்ப்பதற்கு முகங்கள் இல்லை. முதல் நாள் மத்தியானம் ஒரே ஒரு சிவப்புக் கயாக் எதிரே வந்தது. நான் துடுப்பை நிறுத்திவிட்டு அந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்தேன். வெள்ளைக்காரக் கிழவர். அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். அம்மாவின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கிரெய்க் பக்கத்தில் வந்து, தெரிந்தவரா என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி, போன் எடுக்கும் கரையில் கால் வைத்ததும், ஈரப் பாவாடையோடு, விறைத்துப்போன விரலால் போனை அழுத்தினேன். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"வந்துட்டேன்மா."

அந்தப் பக்கம் தூரத்தில் பால்காரர் ஹார்ன் அடித்தது கேட்டது.

"அம்மா?"

"ம். கேட்டுக்கினேன்" என்றாள். "சொன்ன நேரத்துக்கு வந்துட்ட." பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாக, "கேட்டா ஒண்ணும் ஆவல, பாரு" என்றாள். கிரெய்க் தூரத்திலிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டான், படகைத் தூக்க ஆள் வேண்டுமாம்.

இப்போது காலையில் தபால்காரர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கே என்று கேட்டால், நான் உள்ளே திரும்பிப் போவதில்லை. எங்கே போகிறேன், எந்த ரோட்டில் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று முழுதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அவருக்கு அலுப்பாக இருக்கிறது போல, சில நாளாகக் கேட்பதை விட்டுவிட்டார். அப்படியும் நான் காரை நிறுத்திச் சொல்கிறேன். ட்ரை பேக்குகளை எல்லாம் கழுவிக் கொடியில் காயப் போட்டிருந்தேன், மடித்து வைக்க மனம் வரவில்லை. என் பிரஷ் ஒன்று இந்த வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. இன்னொன்று வேங்கிக்காலில், எவர்சில்வர் தம்ளரில், நீலக் கைப்பிடி போட்ட பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பௌர்ணமியன்று மலைக்குக் கிளம்பும் முன் அம்மா இரண்டையும் கழுவித் தூசி போக்கி வைக்கிறாள். நான் எப்போது வருவேன் என்று இனிமேல் அவள் என்னைக் கேட்பாள். நான் சொல்வேன். பக்கத்தில் இருக்கிற பிரஷ்ஷுக்காக யாரைக் கேட்பது என்றுதான் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.